ஒரு பக்கத்தில் ஒரு பள்ளி

ஏப்ரல் 8, செவ்வாய்

இல்லை, ஒரு பக்கத்தில் அடங்காது. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

டாக்டர் பெட்டிஃபர்ட் எங்கள் பிரின்சிபால். நான் இதே பள்ளியில் படித்த காலத்தில் துணை பிரின்சிபால். அதனால் அவருக்கு நான் இன்னும் ஆசிரியை ஆகவில்லை. "கிரேட்டா, நீ இங்கதான் படிச்சே, இப்ப இங்கதான் பாடம் நடத்துறே. உன்னவிட யாரு எழுதப் போறா? ஒரே பக்கம். மே கடைசிக்குள்ள குடுத்தா போதும்."

பள்ளியின் அறிமுகப் பக்கம். கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியலோடும் இது ஒன்று போகும். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ காபி குடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பார்கள். இந்தப் பிள்ளை எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

கெஸ்லர்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி. கிளீவ்லாந்திலிருந்து கிழக்கே அரைமணி, ஏரிக்கரையில்; அக்கரை கனடா. மாணவர்கள் ஆயிரத்து நானூறு சொச்சம். சின்னம்: நாரை.

அதோடு நின்றுவிட்டேன். பக்கத்து அறை வெர்ன் ஸ்டட்ஸ்மன் எட்டிப் பார்த்தார். வேதியியல் நடத்துகிறவர், வாய் சும்மா இருக்காது.

"என்னம்மா, இன்னும் நாரையிலயே நிக்கிறியா? ஒத்தக்கால்ல நிக்கிற பறவைய கொடியில போட்டுட்டு ஃபுட்பால்ல ஜெயின்னா பசங்க எப்படி ஜெயிப்பானுங்க? அதையும் எழுது."

எழுதவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ஏப்ரலில் பனி. இரவு உடையை உள்பக்கம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கினால் காலையில் பள்ளி விடுமுறை என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சாஸ்திரம். நேற்று நானும் அப்படித்தான் தூங்கினேன். வயது இருபத்துநான்கு.

விடுமுறை விடவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வேட்டை தொடங்கிவிட்டது.

கடைசி வருஷப் பிள்ளைகளின் விளையாட்டு. ஆளுக்கு ஒரு பெயர் சீட்டில் வரும். அந்த ஆளைத் தண்ணீர்த் துப்பாக்கியால் நனைக்க வேண்டும். நனைந்தவர் வெளியே. நனைத்தவருக்கு அடுத்த பெயர். கடைசியாக யார் காய்ந்து நிற்கிறாரோ அவர் ஜெயித்தார். பள்ளி எல்லைக்குள் கூடாது. கண்ணில் நீச்சல் கண்ணாடி மாட்டியிருப்பவரைத் தொடக் கூடாது.

ஆகவே ஊரே நீச்சல் கண்ணாடியில். பீட்சா கொண்டுவந்து கொடுத்த பையன், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற பெண், நேற்று தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியவன். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

முதல் பீரியடில் டெஸ் கோவாச் வந்தாள். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

"தூங்கறப்பவும் போட்டிருந்தியா?"

"ஆமா மிஸ் எச். என் பேரு யாருக்கு வந்திருக்குன்னே தெரியல. எங்க தம்பி காசு வாங்கிக்கிட்டு கதவத் தொறந்து விட்டுருவான்."

ஹாலோரன் என்று முழுதாகச் சொல்ல இவர்களுக்கு நேரமில்லை. மிஸ் எச்.

டெஸ் மாலையில் ஊர் நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள். இலையுதிர்காலத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நர்சிங். ஒரு பக்கக் கட்டுரை கேட்டால் மூன்று வரி எழுதுவாள். பாக்கி எங்கே என்றால், "மூணு வரியிலயே முடிஞ்சிருச்சு மிஸ்" என்பாள். முடிந்துதான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

என் வருஷத்தில் நான் இரண்டாம் நாளே வெளியே. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி மாட்ட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத வரவில்லை. தண்ணீர்தான். வெறும் தண்ணீர். அது போதும் இன்றைக்கு.

ஏப்ரல் 23, புதன்

பள்ளி இன்று மூடியிருக்கிறது. அம்மா மாடியிலிருந்து இரண்டு தடவை இறங்கி வந்து என் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். 

எழுதிவிடுகிறேன்.

நேற்று கடைசிப் பீரியட் கிழக்குத் தாழ்வாரத்தில் எனக்குக் காவல் முறை. ஒரு நாற்காலி, மடியில் கட்டுரைக் கட்டு. நீளமான தாழ்வாரம். நடுவில் குழல் விளக்குகள் கிறிஸ்துமஸிலிருந்தே எரிவதில்லை. மறுமுனையில் கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் கார் நிறுத்துமிடம். கதவுப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் இங்கிருந்து பார்த்தால் நிழல்.

ஒரு நிழல் கதவை நோக்கி நடந்தது. வலக்கையில் ஏதோ. தொடையோடு ஒட்டி, கீழே பார்த்து. கறுப்பு. அந்த வளைவு.

யோசித்தேனா? பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு வந்தால் யோசிக்காமல் இருப்பதற்குத்தான் ஆகஸ்டில் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு பொத்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப அமுக்கினால் பள்ளி முழுக்க லாக்டவுன், எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிய வேண்டும், காவல் நிலையத்திலும் மணி அடிக்கும். விடாமல் அமுக்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது. விரல் இன்னும் வலிக்கிறது. அமுக்கிக்கொண்டே ரேடியோவில் சொன்னேன்: துப்பாக்கி, கிழக்குக் கதவு.

என் குரல் அமைதியாக இருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அது என் குரல்தானா?

தண்ணீர்க் குழாயருகே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர். அவர்களை இழுத்துக்கொண்டு வெர்னின் ஆய்வகத்துக்குள் ஓடினேன். வெர்ன் விளக்கை அணைத்தார், கதவைப் பூட்டினார், கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. இருட்டு மூலையில் பிள்ளைகளின் கைபேசிகள் மட்டும் மின்மினி மாதிரி. எல்லோரும் அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரோ தும்மினார்கள். யாரோ அந்தத் தும்மலுக்காக அழுதார்கள்.

பிறகு கதவைத் தட்டினார்கள். முடிந்தது, வெளியே வாருங்கள்.

டெஸ் கோவாச்.

கார் நிறுத்துமிடத்தில் முகம் குப்புற, சரளையில், கை பின்னால் கட்டி. அவள் பக்கத்தில் கிடந்தது தண்ணீர்த் துப்பாக்கியாம். காலையில் பள்ளிக்கு வருமுன் யாருடைய வீட்டு வாசலிலோ பதுங்கியிருந்திருக்கிறாள். பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அது ஒழுகியிருக்கிறது. புத்தகம் நனையாமல் கையில் எடுத்துக்கொண்டு நீச்சல் குளத்து வேலைக்குக் கிளம்பியிருக்கிறாள்.

வேட்டை நடப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. யாரும் மீறினதில்லை. அதனால் என் தலையில் அது வரவே இல்லை.

கீழே போடு என்று போலீஸ் கத்தியவுடன் போட்டுவிட்டாள். போடாமல் திரும்பியிருந்தால்? என்ன என்று கேட்கத் திரும்பியிருந்தால்? பிள்ளைகள் அப்படித்தானே திரும்புவார்கள்.

திரும்பவில்லை. போட்டுவிட்டாள். இதையே காலையிலிருந்து ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். போட்டுவிட்டாள், போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் எனக்காக யாரோ பிஸ்கட் சுட்டு வைத்திருந்தார்கள். 'எங்கள் வீராங்கனை' என்று ஒரு அட்டை. எல்லோரும் தோளைத் தட்டினார்கள். ஒன்று எடுத்துக் கடித்தேன். மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெர்ன் மட்டும், "அந்தத் திராட்சை போட்டத எடுக்காத, கல்லு மாதிரி இருக்கு. பல்லு போச்சுன்னா வீராங்கனைக்கு அழகில்ல" என்றார்.

டெஸ்ஸின் நாற்காலி காலி. பத்து நாள் இடைநீக்கம், பிறகு விசாரணை.

காவலர் ஒருவர் வந்து என் வாக்குமூலம் வாங்கிக்கொண்டார். என்ன பார்த்தீர்கள்? துப்பாக்கி போன்ற ஒன்று. என்ன நிறம்? கறுப்பு. நிச்சயமாக? நிச்சயமாக.

ஏப்ரல் 28, திங்கள்

அது பச்சை.

டாக்டர் பெட்டிஃபர்ட் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு புகைப்படம். எலுமிச்சைப் பச்சை, ஆரஞ்சு மூக்கு. பத்தடி தூரத்தில் குருடனுக்கும் பொம்மை என்று தெரியும்.

"நீ கறுப்புன்னு எழுதியிருக்கே."

"கறுப்புதான் பாத்தேன்."

"அவ சொல்றா, ஒழுகக் கூடாதுன்னு ஒரு கறுப்பு சாக்ஸுக்குள்ள சொருகி வச்சிருந்தாளாம். போலீஸ் கத்தினதும் தூக்கிப் போட்டாளாம். பொம்மை உருவிக்கிட்டு விழுந்துச்சு, சாக்ஸ் எங்கயோ போச்சு."

"தேடலாமே."

"தேடாமலா? அன்னிக்கு ஏரிக்காத்து. அது கனடாவுக்கே போயிருக்கும்."

கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரு பக்கமும் அழுத்திக்கொண்டார். பெற்றோர்களின் போன் ஓயவில்லையாம். ஆசிரியை கறுப்பு என்கிறார், கிடைத்தது பச்சை. அப்படியானால் கறுப்பு எங்கே? இன்னொன்று இருந்திருக்கிறது, அந்தப் பெண் அதை எங்கேயோ மறைத்துவிட்டாள். நாயைக் கொண்டுவந்து பிள்ளைகளின் பெட்டகங்களை மோப்பம் பிடிக்க வைத்திருக்கிறார்கள். கிடைத்தது ஒரு பழைய சாண்ட்விச்.

மே ஆறாம் தேதி விசாரணை. அவள் சொல்வதை நம்பினால், பொம்மையைக் கொண்டுவந்த குற்றத்துக்கு இந்தப் பத்து நாளோடு போயிற்று. நம்பாவிட்டால் பள்ளியை விட்டே நீக்குவார்கள். சான்றிதழ் கிடையாது. நர்சிங் இடம் கிடையாது.

"உன் வாக்குமூலம்தான் அவங்க கையில இருக்கிறது, கிரேட்டா. மாத்திச் சொல்லுன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

ஒரு வார்த்தை. கறுப்பு. மூன்று வரிகூட இல்லை.

ஏப்ரல் 30, புதன்

அம்மா ரொட்டி வாங்கி வரச் சொன்னாள். சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டிப் பகுதியில் வேலைக்கு நிற்பது டெஸ்ஸின் அம்மா மிஸஸ் கோவாச் என்பதை மறந்தா போனேன்? இல்லை. வேறு கடைக்குப் போகலாம் என்று காரில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு உள்ளே போனேன்.

கோதுமை ரொட்டி ஒன்று கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் எடுத்தார்.

"துண்டு போடணுமா?"

"போடுங்க."

"கனமாவா, மெல்லிசாவா?"

"எப்படின்னாலும்."

இயந்திரத்தில் வைத்துத் தள்ளினார். அந்தச் சத்தம் ஓய்கிற வரைக்கும் இருவரும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பையில் போட்டு முறுக்கிக் கட்டினார். ரொட்டியை என் பக்கம் தள்ளினார், கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க பாத்தது எம்பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா அமுக்கியிருப்பீங்களா?"

"தெரியல."

"உங்க வகுப்புதான் அவளுக்குப் பிடிக்கும். வேற எவளாவது அமுக்கியிருந்தா வயித்தெரிச்சல் கொஞ்சம் கொறஞ்சிருக்கும்." கையை எடுத்தார். "முட்டியில சரளை குத்தின காயம் இன்னும் ஆறல. சாக்ஸ் சாக்ஸுன்னு தூக்கத்துல பினாத்துறா. அவ பொய் சொல்ற பிள்ளை இல்லீங்க. பொய் சொல்ல நாலு வார்த்தை வேணும், அவகிட்ட அது கிடையாது."

பின்னால் நின்ற கிழவர், "அம்மா, எனக்கு அந்தக் கறுப்பு ரொட்டி" என்றார்.

காரில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் சாவியைப் போடவில்லை.

மே 1, வியாழன்

சாக்ஸைப் பார்த்தேனா, துப்பாக்கியைப் பார்த்தேனா?

நான் பார்த்தது ஒரு நிழல், அதன் கையில் ஒரு நிழல். பெயர் வைத்தது நான். கல்லூரியில் நான்கு வருஷம் இதையேதான் படித்தேன். பார்ப்பது வேறு, பெயரிடுவது வேறு. பரீட்சையில் அழகாக எழுதினேன்.

தாழ்வாரத்தில் அது உதவவில்லை.

மே 2, வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் உணவுக்கூடத்தில், பிள்ளைகள் தொலைத்த சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். திங்கட்கிழமைக்குள் எடுக்காவிட்டால் தர்மத்துக்குப் போய்விடும். சாக்ஸ் அங்கே வந்திருக்குமோ என்று போனேன். வெர்னும் வந்தார், ஒரு கையில் சூப்.

வந்திருந்தது. குவியலாக. கறுப்பு, கறுப்பு, கறுப்பு. எல்லாம் ஒற்றை.

"இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைக்கும் ஒத்தக்கால்தான் போல" என்றார் வெர்ன். "நாரைன்னு சும்மாவா பேர் வச்சாங்க."

சிரித்துவிட்டேன். பத்து நாளில் முதல் தடவை. சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை. வெர்ன் சூப்பைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றுகொண்டார், பிள்ளைகள் என்னைப் பார்க்காதபடிக்கு.

"எத எடுத்துட்டுப் போயி இதுதான் அதுன்னு சொல்லப் போற? ஒண்ணும் நடக்காது."

"தெரியும்."

"அப்ப அந்த சாக்ஸ விடு. நீ நின்ன எடத்துல அவங்கள நிக்க வை. அதே தாழ்வாரம், அதே நேரம். ஒரு பொம்மைய சாக்ஸுக்குள்ள போட்டு யாராவது நடந்து காட்டட்டும். என்ன தெரியுதுன்னு அவங்களே சொல்லட்டும்."

குவியலில் நீளமான ஒன்றை எடுத்துக்கொண்டேன். வாரக் கடைசியில் துவைக்க வேண்டும்.

மே 5, திங்கள்

டாக்டர் பெட்டிஃபர்ட் ஒரே மூச்சில் மறுத்தார். "பொம்மைத் துப்பாக்கி இந்த வாசல் தாண்டி உள்ள வராது. விசாரணைக்கும் வராது. உனக்கு என்ன பைத்தியமா? நாளைக்கு உன் மேல ஒரு விசாரணை வைக்கவா?"

சரிதான். நான் எழுந்தேன். அவருடைய மேசையில் சாப்பாட்டுத் தட்டு, தொடாமல். ஆறிய மக்ரோனி, பால் டப்பா, ஒரு வாழைப்பழம்.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். அவரும் அதைப் பார்த்தார்.

"அதுக்குத் தடை கிடையாது" என்றார், மெதுவாக.

எல்லோரும் போன பிறகு, காவலருக்கும் அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டு, வெர்ன் கதவருகே போனார். நான் என் நாற்காலியில். அவர் சாக்ஸைத் தொடையோடு பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்தார்.

வாழைப்பழம் என்று எனக்குத் தெரியும். நானே சொருகினேன். தெரிந்தும் என் கை கழுத்து அட்டைக்குப் போயிற்று.

கை அங்கேயே இருந்தது. "என்னம்மா, தெரியுதா?" என்று மறுமுனையிலிருந்து வெர்ன் கத்தினார். கையை மெல்ல இறக்கினேன்.

பயமா? இல்லை. எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. நான் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடமிருக்கிறது. அந்தத் தாழ்வாரம் அவ்வளவு நீளம்.

மே 6, செவ்வாய்

நூலகத்தில் விசாரணை. மாவட்ட அலுவலகத்திலிருந்து லண்ட்கிரன் என்பவர் வந்திருந்தார். வெளுத்த மனிதர், ஈரமான குடை. எதிரே மிஸஸ் கோவாச், பக்கத்தில் டெஸ். டெஸ் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். முட்டி தெரியாத நீளப் பாவாடை.

லண்ட்கிரன் என் வாக்குமூலத்தை வாசித்தார். "கறுப்புன்னு சொல்லியிருக்கீங்க. இப்பவும் அதான் சொல்றீங்களா?"

"ஆமா. கறுப்பாத்தான் தெரிஞ்சுது."

மிஸஸ் கோவாச் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா, அங்கிருந்து பாத்தா எது எப்படித் தெரியும்னு நீங்க பாக்கணும். அஞ்சு நிமிஷம் போதும்" என்றேன். என் குரல் நடுங்கியது. அன்று நடுங்காதது இன்று.

"நான் தாழ்வாரம் பாக்க வரலம்மா."

"பாத்துருங்க சார்" என்றார் டாக்டர் பெட்டிஃபர்ட், எழுந்துகொண்டே. "காலு மரத்துப் போச்சு எல்லாருக்கும்."

லண்ட்கிரனை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அதே கடைசிப் பீரியட். மழை விட்டு, கதவில் வெளிச்சம் அன்று போலவே. டெஸ்ஸும் அவள் அம்மாவும் எங்களுக்குப் பின்னால்.

ஓர் உருவம் கதவை நோக்கி நடந்தது. வலக்கையில் ஏதோ.

லண்ட்கிரன் பாதி எழுந்துவிட்டார். குடை கீழே விழுந்தது.

"யாரது? கையில என்ன?"

"என்ன தெரியுது சார்?"

"துப்... கைத்துப்பாக்கி."

"என்ன நிறம்?"

"கறுப்பு. என்ன விளையாட்டு இது?"

உருவம் திரும்பி எங்களை நோக்கி வந்தது. எரியாத விளக்குகளைத் தாண்டியதும் முகம் வந்தது. டாக்டர் பெட்டிஃபர்ட். நேரே லண்ட்கிரனிடம் வந்து நின்று, சாக்ஸை உருவி, வாழைப்பழத்தை உரித்தார்.

"பாதி வேணுமா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பின்னால் ஒரு சத்தம். டெஸ். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், தோள் குலுங்குகிறது. அவள் அம்மா, "ஏய், சும்மா இரு" என்று அதட்டிவிட்டுத் தானும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

லண்ட்கிரன் குடையை எடுத்துக்கொண்டார். நூலகத்துக்குத் திரும்பி நடக்கும்போது யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "எனக்கும் பொண்ணு இருக்கு."

கோப்பில் எழுதினார். பொம்மை ஒன்றுதான். இடைநீக்கம் இந்தப் பத்து நாளோடு முடிகிறது. வியாழக்கிழமை பள்ளிக்கு வரலாம்.

வீட்டுக்கு வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு துண்டு தின்றேன்.

மே 8, வியாழன்

டெஸ் வந்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாடம் முழுக்க என்னைப் பார்க்கவில்லை.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேசையருகே வந்து நின்றாள்.

"நீங்க அமுக்கினது தப்புன்னு நான் சொல்லல மிஸ் எச். நெசமா இருந்திருந்தா நீங்கதான் எங்க எல்லாரையும் காப்பாத்தியிருப்பீங்க. எனக்குப் புரியுது."

"ம்."

"ஆனா உங்களப் பாத்தா முட்டி வலிக்குது. இன்னும் கொஞ்ச நாளைக்கு வலிக்கும்னு நெனைக்கறேன்."

"வலிக்கட்டும். சரி."

"சரி."

பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் திரும்பினாள். "வாழைப்பழம் யாரோட ஐடியா?"

"பிரின்சிபாலோட சாப்பாடு."

தலையாட்டிவிட்டுப் போனாள். மூன்று வரி. முடிந்துதான் இருக்கிறது.

மே 15, வியாழன்

கிழக்குத் தாழ்வாரத்தில் புது விளக்குகள். "இப்ப எல்லார் மூஞ்சியும் தெரியுது" என்றார் வெர்ன். "பழசே தேவல."

மே 28, புதன்

பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். டாக்டர் பெட்டிஃபர்ட் என் எதிரிலேயே வாசித்தார், பென்சிலோடு. தாழ்வாரத்தின் நீளம் பற்றி எழுதியிருந்ததை அடித்தார். ஏரிக்காற்றை அடித்தார். ஒற்றைச் சாக்ஸ்களை இரண்டு கோடு போட்டு அடித்தார்.

ஓரிடத்தில் பென்சில் நின்றது. 'ஏப்ரலில் எங்கள் மூத்த மாணவர்கள் நீச்சல் கண்ணாடி அணிந்து ஊருக்குள் நடமாடுவார்கள். அதை யாரும் விநோதமாக எண்ணுவதில்லை.'

"இது யாருக்குப் புரியும்?"

"யாருக்கும் புரியாது."

பென்சிலைக் கீழே வைத்தார். "இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் டெஸ்ஸின் மதிப்பெண் பட்டியலோடு இந்தப் பக்கமும் போகும்.

ஜூன் 1, ஞாயிறு

பட்டமளிப்பு. ஃபுட்பால் மைதானத்தில் மடக்கு நாற்காலிகள், கொடியில் நாரை, காற்றில் எல்லோர் தொப்பியும் ஒரு பக்கம். பெயர் வாசித்தார்கள். கோவாச் என்றதும் ரொட்டிக் கடையே எழுந்து கத்திய மாதிரி ஒரு சத்தம், ஒரே ஒரு ஆளிடமிருந்து.

டெஸ்ஸின் பட்டத் தொப்பிக்கு மேலே நீச்சல் கண்ணாடி. டாக்டர் பெட்டிஃபர்ட் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி சான்றிதழைக் கொடுத்தார்.

முடிந்து கூட்டம் கலைகிறபோது டெஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். வேட்டையை ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் தடை மாணவர்களுக்குத்தானே என்றாள்.

"இப்ப நாங்க ஸ்டூடன்ட் இல்ல. சாயந்திரம் ஐஸ்கிரீம் கடையில முடிக்கறோம். கடைக்காரர்கிட்ட சொல்லியாச்சு, போலீஸ்கிட்டயும் சொல்லியாச்சு. சீட்டுல உங்க பேரையும் போட்டாச்சு."

"என் பேரு யாருக்கு வந்துச்சு?"

 தொப்பியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "பயமா இருந்தா இதப் போட்டுக்கிட்டு வாங்க. தொட மாட்டோம். அது ரூல்."

"முட்டி?"

"பரவால்ல" என்றாள். கொஞ்சம் யோசித்து, "வெயில் வந்தா தெரியறதில்ல."

வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார் ஓட்டினேன். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் என்னை விநோதமாகப் பார்க்கவில்லை. கடைக்கு எதிரே நிறுத்தினேன். மரப் பெஞ்சுகளில் பிள்ளைகள், பாதிப் பேர் நனைந்து. வேலிக்குப் பின்னால் டெஸ் குனிந்து பதுங்கியிருந்தாள். கையில் பச்சை. மாலை வெயிலில் கண் கூசுகிற எலுமிச்சைப் பச்சை. இங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினேன்.